வியாழக்கிழமை, இரண்டு மணி

லண்டனில் நான் வாரம் ஒருமுறை தன்னார்வலராகப் பார்க்கப் போன 84 வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. நாகர்கோவிலில் தலையில் கூடை சுமந்து மீன் கொண்டுவருகிறவரைக்கூட ஆச்சி என்றே கூப்பிட்டு வளர்ந்தவள் நான். முதல் நாள் 'மிஸஸ்' சேர்த்துக் கூப்பிட்டேன். "அது என் மாமியார், அவர் செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று சிரித்துவிட்டு, பெயரை மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த நான்கு வாரமும் பெயரே சொல்லாமல் ஓட்டினேன். 'எக்ஸ்கியூஸ் மீ' என்று ஆரம்பித்து, நேராகப் பேச்சுக்குப் போய்விடுவேன். அவர் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை, தன்னார்வலர்களுக்கு அது விதி. அதனால் நேரில் முடியாததை இங்கே செய்துகொள்கிறேன்: ஆச்சி.

கணவரின் வேலைக்காக 2016இல் கிழக்கு லண்டன் வந்தோம். ஈஸ்ட் ஹாமில் வீடு. வாசலை விட்டு இறங்கினால் சரவண பவன் தோசை, முருங்கைக்காய், கோவில் மணி எல்லாம் உண்டு. ஊரில் பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இங்கே வந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குளிர்காலத்தில் நான் ஒரு நாளில் அதிகம் பேசிய வெளி ஆள் காய்கறிக் கடைக்காரராகத்தான் இருக்கும். அப்படி ஒரு நாள் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஹாஸ்பிஸ் ஒன்றின், அதாவது குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பு ஒன்றின், தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களையும் நோயாளிகளையும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டாம் என்றது. முன் அனுபவம் வேண்டாம் என்று இந்த நாட்டில் நான் பார்த்த முதல் அறிவிப்பு அதுதான்.

வேண்டாம் என்றாலும் சும்மா விட்டுவிடமாட்டார்கள். டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை ஒன்று உண்டு, தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் உறவினர் அல்லாத இரண்டு பேர் நம்மைப் பற்றி எழுதித் தர வேண்டும். வந்து எட்டு மாதம் ஆனவளை உறவினர் அல்லாத இரண்டு பேருக்கு எப்படித் தெரியும்? மகளின் வகுப்பாசிரியை ஒருவர். இன்னொருவர் நூலகத்திலேயே இலவச ஆங்கில வகுப்பு எடுத்தவர். "இவர் நேரம் தவறியதில்லை" என்று அவர் எழுதியிருந்தாராம். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பயிற்சி ஆறு வாரம், செவ்வாய் மாலை. ஹாஸ்பிஸ் என்றால் சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் இடம் என்று நினைத்துத்தான் போனேன். பெரும்பாலானவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துத்தான் பார்க்கிறார்கள். படுக்கையில் சேர்ந்தவர்களிலும் பலர் வலி அடங்கியதும் வீடு திரும்புகிறார்கள். நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அரசுப் பணம் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும். மீதிக்கு, பழைய துணியும் புத்தகமும் விற்கிற கடைகள், லாட்டரி, மாரத்தான் ஓடுகிறவர்கள் திரட்டுகிற நன்கொடை, செத்தவர்கள் உயிலில் எழுதிவைத்துப் போனது. இவ்வளவு பெரிய காரியம் பழைய கோட்டு விற்ற காசில் நடக்கிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான், கொஞ்சம் கோபமும் உண்டு.

இரண்டாவது வாரம் சொன்ன கதைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. வார்சாவிலிருந்து தப்பி வந்த யூதர், டேவிட் டாஸ்மா. லண்டனில் ஓட்டல் பரிமாறுபவர். புற்றுநோய், சொந்தம் என்று சொல்ல அருகில் யாருமில்லை. மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரைப் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். டாஸ்மா 1948இல் நாற்பது வயதில் இறந்தபோது தன் 500 பவுண்டை சிசிலிக்கு விட்டுச் சென்றார், "உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்று. சிசிலி அதன் பிறகு மருத்துவம் படித்து, 1967இல் தெற்கு லண்டன் சிடனமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உலகம் முழுக்க இன்று நடக்கிற ஹாஸ்பிஸ்களுக்கு அதுதான் முன்மாதிரி. அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்டப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று என்பாராம். எல்லோரும் சிசிலியைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்தப் பரிமாறுபவரை விட்டு மனம் நகரவில்லை. வந்த ஊரில் ஆளில்லாமல் கிடந்த ஒருவரிடமிருந்துதான் இதெல்லாம் ஆரம்பித்திருக்கிறது.

பயிற்சியில் நான் தோற்றது வாயை மூடிக்கொண்டிருக்கும் பாடத்தில். ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். ஒருவர் மூன்று நிமிஷம் தன் கஷ்டத்தைச் சொல்ல, மற்றவர் கேட்க மட்டும் வேண்டும். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள். உட்கார்ந்ததும், "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் வந்தது, வேலூர்ல காட்டினோம்" என்று தொடங்கி, எந்த மருந்து, எந்த வைத்தியர், என்ன பத்தியம் என்று சொல்லி முடித்து, "ஒண்ணும் ஆகாது" என்று எழுந்து வந்துவிடுவோம். நோயாளி பேச இடமே இருக்காது. என் ஜோடியாக வந்த நைஜீரியப் பெண்ணிடம் நாற்பது விநாடியில் நான் சித்தப்பாவைக் கொண்டுவந்துவிட்டேன். அவளோ என் முறை வந்தபோது தன் அத்தையைக் கொண்டுவந்தாள். பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆச்சிக்குப் புற்றுநோய் இல்லை. நுரையீரலும் இதயமும் பழுது. கேனிங் டவுன் பக்கம் கவுன்சில் அடுக்குமாடியில் இரண்டாம் மாடி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், அது வீடு முழுக்கப் பின்னால் வரும். ஒரு நாளைக்கு நான்கு தடவை கேரர்கள் வந்து குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஓடுவார்கள், அடுத்த வீட்டுக்கு நேரமாகும் அவர்களுக்கு. நான் மருந்து தொடக் கூடாது, அவரைத் தூக்கக் கூடாது, பணம் வாங்கக் கூடாது, என் போன் நம்பர் கொடுக்கக் கூடாது. என் வேலை வியாழக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை உட்கார்ந்திருப்பது.

வெறுங்கையோடு எப்படிப் போவது? மூன்றாவது வாரம் ஊரிலிருந்து வந்த ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு டப்பா கொண்டுபோனேன். ஆச்சி ஒன்றை வாயில் போட்டு, பல்செட் தடுக்கி, இருமத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. முகம் நீலமாகிவிட்டது. அடங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. விழுங்குவதில் சிக்கல் இருப்பவருக்குக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதுதான், காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒருங்கிணைப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதி வைத்துக்கொண்டார், அது திட்டுவதைவிட மோசம். ஆச்சியோ அடுத்த வாரம், "அந்த மரத்துண்டு மீதி இருக்கா? உப்பு நல்லா இருந்தது" என்றார்.

அவர் எனக்கு டீ போடக் கற்றுக்கொடுத்தார். பாத்திரத்தில் பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்கவிட்டதைப் பார்த்து, "நீ அதைக் கொலை பண்றே, லவ்" என்றார். கோப்பையில் பை, கொதிக்கிற தண்ணீர், பொறுமை, பால் கடைசியில். கிழக்கு லண்டன் ஆங்கிலத்தையும் அவரிடம்தான் கற்றேன். அங்கே 'ஹ' கிடையாது, வார்த்தை நடுவில் 'ட' கிடையாது. நான் பாடம் நடத்திய ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், மூச்சு இழுத்துக்கொண்டே, "குறை சொல்லக் கூடாது" என்பார். அது எனக்குப் புரிந்தது. எங்கள் அம்மை முட்டு வலியில் படி ஏற முடியாமல் நிற்கும்போதும் "சாரமில்ல மக்கா", அதாவது பரவாயில்லை, என்றுதான் சொல்வாள்.

1939 செப்டம்பர் 1ஆம் தேதி, போர் வருகிறது என்று லண்டன் குழந்தைகளை ரயில் ரயிலாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஆச்சிக்கு அப்போது ஐந்து வயது. தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, கோட்டில் பெயர் எழுதிய அட்டை. ஒரு கிராமத்துக் கூடத்தில் வரிசையாக நிற்கவைக்க, அந்த ஊர்க்காரர்கள் வந்து, "அதை எடுத்துக்கறேன், இதை எடுத்துக்கறேன்" என்று பொறுக்கிக்கொண்டு போனார்களாம். கடைசியாக மிஞ்சியவர்களில் இவரும் ஒருத்தி. குண்டு எதுவும் விழாததால் கிறிஸ்துமஸுக்கு அம்மா வந்து திரும்ப அழைத்துப் போய்விட்டார். அடுத்த செப்டம்பரில் துறைமுகம் எரிந்ததை வீட்டிலிருந்தே பார்த்தார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எரிந்ததை இல்லை, அந்தக் கூடத்தில் நின்றதைத்தான். ஒருநாள் கேட்டார்: "உனக்கும் அட்டை கட்டித்தான் அனுப்பினாங்களா?" பையிலிருந்து என் குடியிருப்பு அனுமதி அட்டையை எடுத்துக் காட்டினேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, "உன்னையும் கடைசியாத்தான் எடுத்திருப்பாங்க" என்றார்.

வெள்ளைக்காரர்கள் பெற்றவர்களை அம்போ என்று விட்டுவிடுவார்கள் என்று சொல்லித்தான் நாமெல்லாம் விமானம் ஏறுகிறோம். ஆச்சியின் மகள் நார்ஃபோக்கிலிருந்து ஒரு சனி விட்டு ஒரு சனி ரயிலேறி வருவார். தினம் மாலை ஆறுக்குப் போன் அடிக்கும். கீழ்வீட்டுப் பையன் குப்பைத்தொட்டியை இழுத்துப் போவான். இதை அம்மையிடம் வீடியோவில் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்ல காரியந்தான் மக்கா. இங்க எதிர்வீட்டு ஸ்டெல்லா எனக்கு சாயா போட்டுக் குடுக்கா, நீ அங்க அவங்களுக்குப் போட்டுக் குடுக்க" என்றாள். குத்திச் சொன்னாளா, கணக்கைச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் இல்லை.

தன்னார்வலர் கூட்டம் ஒன்றில் இன்னொன்று தெரிந்தது. ஹாக்னியில் இருக்கும் செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸ், சிசிலி சாண்டர்ஸ் முன்பு வேலை பார்த்த இடம், 'கம்பாஷனேட் நெய்பர்ஸ்' என்று அக்கம்பக்கத்தாரை நோயாளிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கி, அது பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. அந்த யோசனை வந்தது கேரளத்திலிருந்து. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர் வலையாக விரிந்தது. ஆட்டோ ஓட்டுநர், மாணவர், கடைக்காரர் என்று சாதாரண ஆட்கள்தான் வீடு வீடாகப் போகிறார்கள். 2008இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. "நீ அந்தப் பக்கம்தானே?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். பக்கம்தான். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது, திருவனந்தபுரத்துக்கு இரண்டு மணி நேர பஸ். கல்யாணப் புடவை எடுக்க, கண் ஆஸ்பத்திரிக்கு என்று நூறு தடவை போயிருப்பேன். இதைக் கேள்விப்பட்டதில்லை.

மார்ச் மாதம் ஆச்சியை ஹாஸ்பிஸில் சேர்த்தார்கள். தோலுக்கடியில் மருந்து சொட்டுகிற சின்னப் பெட்டி பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது. கண் திறக்கவில்லை. காது கேட்கக்கூடும், பேசு என்றார் நர்ஸ். எதைப் பேசுவது? ஆங்கிலத்தில் என்னிடம் இருந்த பெரிய வார்த்தைகள் எல்லாம் பாடப்புத்தக வார்த்தைகள். மழை வரும் போலிருக்கிறது என்றேன். பஸ் லேட் என்றேன். கால்பந்தில் வெஸ்ட் ஹாம் மறுபடியும் தோற்றுவிட்டது என்று சொன்னபோது விரல் லேசாக அசைந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது பெயர் சொல்லி, போய்விட்டு வருகிறேன் என்றேன். ஞாயிறு விடிகாலை மகள் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டார்.

இறுதிச் சடங்கு மூன்று வாரம் கழித்து. நம் ஊரில் அதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். தகன மண்டபத்தில் அரைமணி நேரம்தான், வெளியே அடுத்த கார் காத்திருந்தது. என்ன நிறத்தில் புடவை என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். மகள் எல்லோருக்கும் கருஞ்சிவப்பும் வெளிர்நீலமும் கலந்த கால்பந்து மஃப்ளர் கொடுத்தார். கருநீலப் புடவைமேல் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சாண்ட்விச், சிரிப்பு, டீ. குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு ஒருங்கிணைப்பாளர் தயங்கிக்கொண்டே கூப்பிட்டார். ஒரு தமிழ்க் குடும்பம், ஆனால் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. ஈஸ்ட் ஹாமில் இவ்வளவு தமிழர்கள் இருந்தும் இந்தச் சேவையைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஹாஸ்பிஸ் என்ற சொல்லே பயம். வெளி ஆள் வந்தால், பிள்ளைகள் பார்க்கவில்லை என்று சனம் பேசும். பல வீடுகளில் நோய் என்னவென்று நோயாளிக்கே சொல்லியிருக்கமாட்டார்கள், அவர் தெரியாத மாதிரி இருப்பார், இவர்கள் சொல்லாத மாதிரி இருப்பார்கள். அந்த வீட்டு மருமகளிடம் போனில், நான் ஹாஸ்பிஸ் என்ற வார்த்தையைச் சொல்லமாட்டேன், கோவில் தெருவில் இருக்கிறேன், சும்மா வந்துவிட்டுப் போகிறேன் என்றேன். பொய் சொல்லவும் கூடாது என்பது விதி. அதனால் நோயாளி கேட்டால் மறைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அரை மணி நேரம் என்று சம்மதித்தார்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஜன்னலோரக் கட்டில், காலில் கம்பளி உறை. இந்த முறை பெயருக்குத் திணற வேண்டியிருக்கவில்லை. ஐயா, வணக்கம் என்றேன்.

"எந்த இடம் பிள்ளை?"

"நாகர்கோவில் ஐயா."

"ஓ, இந்தியா." கொஞ்சம் ஏமாற்றம்தான். மருமகள் அறையை விட்டுப் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தேத்தண்ணி போடத் தெரியுமே?"

தெரியும் என்றேன், பால் கடைசியில்தான்.

"பால் வேண்டாம். சாயம் கூட விட்டு, சீனி ரெண்டு கரண்டி. டொக்டர் வேண்டாம் எண்டவர், அது பரவாயில்லை. அவவுக்குச் சொல்லாதை."

மருமகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் ஐயா என்று எழுந்தேன். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.