பென்சிலில் எழுதிய பியூரெட் அளவுகள்

மும்பையில் மருந்துக்கடைப் பலகைகளில் 'கெமிஸ்ட்' என்று எழுதியிருப்பதால், நான் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தபோது தாராவியிலுள்ள எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் நான் மருந்துக்கடை வைக்கப்போவதாகவே எண்ணினார்கள். அதற்கு மருந்தியல் படித்து மருந்தாளுநராகப் பதிவு செய்ய வேண்டும் என்று சித்தப்பாவிடம் மூன்று முறையாவது விளக்கியிருப்பேன். "அப்போ நீ எதுக்குல இதப் படிக்க?" என்று அவர் கேட்டதற்கு மூன்றாம் ஆண்டு வரை என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எழுதினேன். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். எண்ணை விடையாக அளிக்கும் கேள்விகளில் தவறினாலும் மதிப்பெண் குறையாது. நானோ அவற்றை விட்டுவிட்டு, தவறினால் குறையும் கேள்விகளில் ஊகித்து இழந்தேன். பவாயிலுள்ள ஐ.ஐ.டி. கைநழுவியது, கலினாவில் மும்பைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். முதலாண்டுப் பாடங்கள் எல்லாருக்கும் பொது. பிறகு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்து நிறுவனங்களில் மூலக்கூறுகளை உருவாக்கும் தொகுப்பு ஆய்வகங்களை மனத்தில் வைத்துப் பலரும் கரிம வேதியியலை எடுக்க, நான் பகுப்பாய்வு வேதியியலை எடுத்தேன். கரைப்பான்களின் வாசனை எனக்குத் தலைவலி தரும் என்பதே உண்மையான காரணம்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை இருமுறை எழுதியும், ஆய்வு செய்ய உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. கிடைத்த தோழி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்றாள். நான் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன்.

முதல் நேர்முகத் தேர்வுக்கு வினை வழிமுறைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "மருந்தின் அளவு 98.0 முதல் 102.0 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எச்.பி.எல்.சி.யில் உங்களுக்கு 97.6 வருகிறது. என்ன செய்வீர்கள்?" என்றார்கள். எச்.பி.எல்.சி. என்பது கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி. மாதிரியை அதில் மறுபடி ஒருமுறை செலுத்திப் பார்ப்பேன் என்றேன். சரியாக வந்தால் பழையதை என்ன செய்வீர்கள் என்ற அடுத்த கேள்வியிலேயே நேர்காணல் முடிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

அந்தப் பதில் வந்த இடமும் எனக்குத் தெரியும். நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில், அளவுக்கோடிட்ட பியூரெட் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டவிட்டு அளக்கும் தரம்பார்த்தலில் இரண்டு அளவுகள் ஒத்துவராவிட்டால் நாங்கள் பியூரெட்டைத் திரும்ப நிரப்ப மாட்டோம். பென்சிலால் எழுதிய எண்ணை அழித்து, 10.3-ஐ 10.1 ஆக்கிவிடுவோம். எதிர்பார்த்த விடைக்கே மதிப்பெண் கிடைத்ததால், மூன்று ஆண்டுகளில் இதைத்தான் மிக நன்றாகப் பயின்றோம் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

தலோஜாவில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை கிடைத்தது மூன்றாவது நேர்காணலில்தான். குர்லாவில் ஹார்பர் ரயில் ஏறி, பன்வேலில் இறங்கி, நிறுவனப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அங்கே பென்சிலுக்கே இடமில்லை. தவறாக எழுதினால், எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, காரணமும் தேதியும் கையொப்பமும் இட வேண்டும்; கருவி தன் பங்குக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் தானே பதிவு செய்துவிடும். அளவு வரையறைக்கு வெளியே போனால், கரைசல்களைக் கொட்டாமல் மேலாளரிடம் தெரிவித்து, எடைபோட்டதில் தொடங்கி எங்கே பிழை நேர்ந்திருக்கலாம் என்று ஒவ்வொரு படியாகத் தேட வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் மாதமே எனக்கு அது நேர்ந்தது. எச்.பி.எல்.சி. கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாயான கலத்தில் பாஸ்பேட் தாங்கல் கரைசல் ஓடியிருந்தது. அதை முதலில் நீர் மிகுந்த கலவையால் கழுவாமல் நேரடியாக அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைச் செலுத்திவிட்டேன். உப்பு படிந்து அழுத்தம் ஏறி, அன்றைய ஓட்டம் நின்றது. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையொப்பமிட்டேன். கை நடுங்கியது, ஆனால் வேலை போகவில்லை.

இப்போது மூன்றாம் ஆண்டு. பிறர் வகுத்த முறைப்படி சோதிப்பதைவிட, அந்த முறைகளையே உருவாக்கிச் சரிபார்க்கும் பகுப்பாய்வு மேம்பாட்டுப் பிரிவுக்கு மாற விண்ணப்பித்திருக்கிறேன். நேர்காணல் அடுத்த வாரம். இந்த முறை மனப்பாடம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கலம் அடைபட்ட நாளின் பதிவேட்டுப் பக்கத்தை மட்டும் ஒருமுறை எடுத்துப் படித்தேன்.