49 என்று எழுதினேன்

"கொஞ்சம் கூடப் போட்டு எழுதுனா ஆகாதுங்களா கண்ணு?"

இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் எக்கோ எடுத்து முடித்து, ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தபோது அந்த அம்மா கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்பகப் புற்றுநோயில் இடது மார்பு எடுத்தாகிவிட்டது. தழும்பு இறுகி விலாவோடு ஒட்டியிருந்தது. அப்படிப்பட்ட நெஞ்சில் படம் பிடிப்பது பெரும்பாடு. நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கும் ப்ரோபை அழுத்தினால் வலிக்கும், நகர்த்தினால் படம் மங்கிவிடும். இடது கீழறையின் உட்சுவர் தெளிவாகத் தெரிந்தால்தான் அதன் மேல் கோடு வரைந்து அளக்க முடியும். மூச்சை விட்டுவிட்டு அப்படியே இருக்கச் சொன்னால், அவரால் சில நொடிகூடத் தாங்க முடியவில்லை. அளக்க அளக்க 47, 52, 48 என்று வந்தது. சராசரி 49. கீமோ தொடங்கும் முன் எடுத்த எக்கோவில் 63 இருந்தது.

கீழறையில் நிறையும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் இந்த எண், ஈ.எஃப். கீமோ எடுப்பவர்களுக்கு அது 10 புள்ளிக்கு மேல் இறங்கி 50க்குக் கீழே போனால், மருந்து இதயத்தைத் தொட்டுவிட்டதோ என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே சில புள்ளி முன்னே பின்னே வரும். 49க்கும் 51க்கும் நடுவில் இருப்பது இதயமா, என் கையா?

அவருக்குப் போய்க்கொண்டிருந்தது டாக்ஸோரூபிசின், வார்டில் எல்லாரும் சொல்லும் 'செவப்பு மருந்து'. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் கணக்கில் 3 சுற்று முடிந்து 180 ஆகியிருந்தது. மொத்தமாக 450, 550 என்று ஏறும்போதுதான் இதயம் செயலிழக்கும் ஆபத்து வேகமாகக் கூடும் என்று படித்திருக்கிறோம். அந்த எல்லை வெகு தூரத்தில் இருந்தது. ஆனால் அவருக்குப் பல வருடமாக பிரஷரும் சர்க்கரையும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவிலேயே பாதிப்பு வரலாம். டிராஸ்டுசுமாப் போன்ற வேறு புற்றுநோய் ஊசியால் ஈ.எஃப். இறங்கினால், நிறுத்தியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். செவப்பு மருந்து அப்படியல்ல. அது இதயத்தசைச் செல்லையே சாகடிக்கக்கூடியது. செத்த செல் இருந்த இடத்தில் புதிதாக முளைப்பது அபூர்வம். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது அந்த எண் மட்டுமல்ல. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, "ராத்திரி எத்தனை தலகாணி வெப்பீங்கம்மா?" என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "சமமாப் படுத்தா மூச்சு முட்டுதுங்க. திண்டு வெச்சு ஒக்காந்தாப்லதான் தூங்கறேன். கட்டுத்தாரைக்குப் போய் வந்தாலே எளைக்குதுங்க" என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். "நல்லாருக்கீங்களாம்மான்னு கேட்டாருங்க, நல்லாருக்கேனுங்கன்னு சொன்னேன். நீங்களும் சொல்லீராதீங்க. மருந்த நிறுத்தீட்டாங்கன்னா கட்டி மறுக்கா வந்துரும். வந்துதுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

நம்ம பக்கத்து ஆட்கள் அப்படித்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்து குறை சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். வெளியே வந்து நர்ஸிடமும் எங்களிடமும் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அப்படிக் கொட்டியதை நாங்கள் யாருடைய சொத்தாக நினைப்பது?

49 என்றே எழுதினேன். புற்றுநோய் டாக்டருக்குப் போன் செய்து மூச்சு முட்டுவதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டு, அடுத்த சுற்றுக்குப் பின் நுரையீரலில் நீர் கோத்து எமர்ஜென்சிக்கு வந்திருந்தால்? அதை நினைத்தால் செய்தது சரி என்றே படுகிறது. ஆனால் அப்போது அவருக்கு ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தது. ரத்தசோகையிலும் இளைப்பு வரும். படுத்தால் மூச்சு முட்டுவது இதயத்தின் பக்கம்தான் கை காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் இதயப் பிரிவோடு பேசி, மீதி இருந்த செவப்பு மருந்தை நிறுத்திவிட்டு, அடுத்து வரவேண்டிய பேக்லிடாக்ஸல் என்ற வேறு கீமோ மருந்துக்குப் போனார். இதயத்துக்கான மாத்திரைகள் எனலாப்ரிலும் கார்வெடிலாலும் சின்ன அளவில் ஆரம்பித்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்த அந்த அம்மா, "நம்பித்தானுங்க சொன்னேன்" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை.

அதன்பின் எக்கோவுக்கு வந்தால், பக்கத்து அறையில் இருப்பவரிடமே பார்த்துக்கொள்கிறார். கடைசி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், 55 என்று இருந்தது. மருந்தை நிறுத்தியதால் ஏறியதா, மாத்திரையால் ஏறியதா, அளந்த கை வேறு என்பதாலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கட்டி திரும்ப வருமா என்பது இன்னும் சில வருடம் கழித்துத்தான் தெரியும். அவர் கேட்ட கேள்வி அதைப் பற்றித்தான்.