கோபர் கேஸ் அடுப்பும் ஹைட்ரஜன் டர்பைனும்

எங்க அப்பத்தா வீட்டுல நான் சின்னப் பையனா இருந்தப்ப கோபர் கேஸ் இருந்துச்சு. தொழுவத்துக்குப் பின்னாடி குழி, காலையில சாணியும் தண்ணியும் சரிபாதியா கரைச்சு ஊத்துவாங்க. ஒரு தடவ அடுப்பு துருப்பிடிச்சுப் போச்சுன்னு சித்தப்பா சிலிண்டருக்குப் போடுற சாதா அடுப்ப வாங்கிட்டு வந்து மாட்டிட்டாரு, பத்தவே மாட்டேங்குது, பத்துனாலும் சிணுங்கிட்டே அணைஞ்சிடுது. ரிப்பேர் பண்றவரு வந்து ஜெட்ட, அதாவது கேஸ் வெளிய வர்ற முனைய, கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு, ஊசிமுனை அளவு ஓட்டை. அதப் பெருசாக்குனதும் நல்லா எரிஞ்சுது. கோபர் கேஸ்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதனால அதே சூட்டுக்கு நிறைய கேஸ் போகணும்.

இருக்கிற கேஸ் பவர் பிளான்ட்ட, எரிச்சா கார்பன் வராத ஹைட்ரஜனுக்கு மாத்துறதும் இந்த ஜெட் கதைதான், ஆனா அதுல ரெண்டு பக்கமும் இடி. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன்ல இருக்கிற சூடு மீத்தேன்ல மூணுல ஒரு பங்குதான், அதனால குழாய், வால்வு எல்லாம் பெருசாகணும். இன்னொரு பக்கம் அதோட தீ படுவேகமா ஓடும், கொஞ்சம் அசந்தா பர்னருக்குள்ளயே திரும்பி வந்து முனைய உருக்கிடும். பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது, அதனால தீ இருக்கான்னு பாக்குற சென்சாரையும் மாத்தணும்.

இத நிஜமாவே செஞ்சு காட்டுன இடம் பிரான்ஸ்ல லிமோஜ் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற சையா-சுர்-வியென். அங்க ஒரு பேப்பர் மில்லுக்கு கரண்டும் நீராவியும் குடுத்துட்டு இருந்த 12 மெகாவாட் பிளான்ட்ல சீமென்ஸ் எஸ்ஜிடி-400ங்கிற கேஸ் டர்பைன வச்சு 2022ல 30 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து ஓட்டுனாங்க, 2023ல முழுக்க ஹைட்ரஜன்லயே ஓட்டிட்டாங்க. எனக்கு இது பெரிய விஷயம்.

ஆனா அந்த 30 சதவீதத்த எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. அது கன அளவுல 30. சூட்டுக் கணக்குல பாத்தா சுமார் 11 சதவீதம்தான், கார்பனும் அவ்வளவுதான் குறையும். விளம்பரத்துல இத எழுத மாட்டேங்கிறாங்க, எழுதணும்.

அப்புறம் நான் உக்காந்து போட்ட கணக்கு ஒண்ணு. 12 மெகாவாட் டர்பைன் முழு லோடுல ஓடுனா மணிக்கு கிட்டத்தட்ட 1 டன் ஹைட்ரஜன் குடிக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனத் தண்ணியில இருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல கரண்டு வேணும், அப்படிப் பிரிக்கிற மெஷினான எலக்ட்ரோலைசர் 1 மெகாவாட்டுல ஒண்ண வச்சு அந்த 1 டன்னைச் சேக்க ரெண்டு நாளுக்கு மேல ஆகும். ரெண்டு நாள் சேத்தது ஒரு மணி நேரத்துல காலி, அதுலயும் போட்ட கரண்டுல கால் பங்கு திரும்பி வந்தா அதிகம்.

சரி, சாண கேஸ சுத்தம் பண்ணி மீத்தேனா குடுத்தா டர்பைன்ல எதையும் மாத்த வேணாமேன்னு கேப்பீங்க. உண்மைதான், ஆனா ஒரு மாட்டுச் சாணியில நாளைக்கு அரை கன மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாத்தான் கேஸ் வரும். இதே டர்பைன ஒரு மணி நேரம் ஓட்டவே ஏறக்குறைய 14,000 மாட்டோட ஒரு நாள் சாணி வேணும்!

அதுக்காக பழைய பிளான்ட்ட இடிச்சுத் தள்ளணும்னு நான் சொல்லல. ஸ்விட்ச்யார்டு, டிரான்ஸ்பார்மர், கிரிட் லைன் எல்லாம் அங்க ரெடியா நிக்குது, அத விட மனசு வராது. வெயிலும் காத்தும் சேர்ந்து கைவிடுற நேரத்துக்குன்னு மட்டும் வச்சுக்கிட்டு மாத்துங்க, தினமும் ஓட்டுறதுக்கு வேணாம்.

அப்பத்தாவும் அந்த கேஸ காலையில காப்பிக்கும் ராத்திரி பால் காய்ச்சவும்தான் தொறப்பாங்க. சோறு கொழம்பெல்லாம் விறகடுப்புலதான்.