தண்ணீர் போகிற வழி

என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமே சூடாகாது சார்" என்று நான் சாவியைக் கொடுத்த வண்டிகள் ஒரு டஜனாவது இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்த கூலிங் வைத்தியம் அது ஒன்றுதான். தடுப்பை எடுத்தால் தண்ணீர் தாராளமாக ஓடும், தாராளமாக ஓடினால் என்ஜின் ஆறும். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் சில வண்டிகள் முன்பைவிட அதிகமாகச் சூடாகித் திரும்பி வந்தன.

என் தலைமை மெக்கானிக் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "தண்ணி ரொம்ப வேகமா ஓடுது தம்பி, ரேடியேட்டர்ல ஆற நேரமே இல்ல." பல வருடம் நானும் அதையே திருப்பிச் சொன்னேன். அது தவறு. வேகமாகப் போகிற தண்ணீர் ரேடியேட்டரில் இருக்கும் நேரம் குறைவுதான், ஆனால் அதே அளவுக்கு அடிக்கடி திரும்பி வருகிறது. ஓட்டம் கூடக்கூட வெப்பம் கைமாறுவதும் கூடத்தான் செய்யும். உண்மையான காரணம் வேறு. பல பழைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, பம்புக்கே திரும்பிப் போகும் பைபாஸ் வழியை அதன் அடித்தட்டு மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வரும்.

தண்ணீர் போகிற வழியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய நான்கு சிலிண்டர் வண்டி. கார்புரேட்டர் காலத்து இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடல்). நிறுத்தி வைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் டெம்பரேச்சர் முள் அசையாது. நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் போனால் சிவப்பைத் தொட்டுவிடும். உரிமையாளர் அதற்குள் பெரிய ரேடியேட்டர் மாற்றி, கூடுதலாக எலக்ட்ரிக் ஃபேனும் போட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் நின்றால் சூடாகிற வண்டியில்தான் முதலில் காற்றைச் சந்தேகப்பட வேண்டும்: ஃபேன், அதைச் சுற்றியுள்ள கூண்டு. ஓடினால் சூடாகிறது என்றால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து வைத்து, கையாலேயே கார்புரேட்டர் லிவரை இழுத்து ஆர்பிஎம்மை ஏற்றினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் என் கண் முன்னால் சப்பையாக ஒட்டிக்கொண்டது. விட்டால் உப்பியது, இழுத்தால் மறுபடி ஒட்டியது. அது பம்பின் உறிஞ்சும் பக்கம்; ஹோஸ் சுருங்காமல் தாங்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தபோது கம்பி துருவாகி உதிர்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. மூடி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சும்மா மூடி வைப்பதற்கான தட்டு அல்ல அது. அது பிடித்து வைக்கிற ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. அழுத்தம் போனால் பம்பின் வாயிலேயே குமிழி கிளம்பும். குமிழியை அடித்துக்கொண்டிருக்கிற இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரம், எந்தத் தண்ணீரைத் தள்ளும்?

இரண்டையும் மாற்றியபின் பாதி குணம். மீதிக்காக, பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட் நெடுகிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். பம்ப் இருக்கும் முன்பக்கத்தைவிடக் கடைசி சிலிண்டர் பக்கம் 15 டிகிரிக்கு மேல் கூடுதல். சரி, என்று பிளாக்கின் பின்பக்கம் அடித்திருந்த வட்டத் தகட்டைத் தட்டி எடுத்தேன். தண்ணீர் வரவே இல்லை. ஓட்டைக்குள் காபிப் பொடியை நனைத்து அமுக்கியதுபோல ஒரு மண். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் குழி விழுந்தது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் சேர்ந்த உப்பு, பிளாக்கின் துரு, எப்போதோ ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கக் கொட்டிய பவுடர் எல்லாம் ஓட்டம் குறைந்த கடைக்கோடியில் படிந்து கட்டியாகியிருந்தன.

வளைந்த கம்பியால் சுரண்டுவதும், ஹோஸ் பைப்பால் எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விடுவதுமாக இரண்டு நாள் போயிற்று. நேரத்தை மிச்சம் பிடிக்க, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில், தண்ணீர் ஏறும் சின்னத் துளைகளைப் பெரிதாக்கலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தேன். நல்லவேளை, கையைக் கட்டிக்கொண்டேன். பம்புக்குப் பக்கத்தில் சின்னத் துளை, தூரத்தில் பெரியது என்று பங்கு பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். முன்னால் பெரிதாக்கினால் தண்ணீர் அங்கேயே ஏறித் திரும்பிவிடும். கடைசி சிலிண்டர் இன்னும் காயும்.

பம்பைக் கழற்றியதில் இம்பெல்லர் இதழ்களும் ஓரம் அரித்துப் பாதியாகியிருந்தன. புது பம்ப். அப்புறம், என் கையாலேயே, 82 டிகிரியில் திறக்கும் ஒரு புது தெர்மோஸ்டாட், காற்று வெளியேறும் குட்டித் துளை மேலே பார்க்கும்படி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹீட்டர் வால்வைத் திறந்து, கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் பாதியாக, குமிழி நிற்கும்வரை ஊற்றினேன்.

சோதனை ஓட்டத்துக்கு உரிமையாளரும் வந்தார். அரை மணி நேரம், நல்ல வேகம். முள் நடுவிலேயே நின்றது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து, மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.