முதல் அரை மணி நேரமும் கடைசி இரண்டு வருடமும்

உசிலம்பட்டி, மேலூர், கம்பம், பரமக்குடி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் வாய்ப்புற்று நோயாளியின் வாயைத் திறந்து பார்த்தால், கட்டி உட்கார்ந்திருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெற்றிலை பாக்கோடு புகையிலையைச் சேர்த்து அதக்கி வைக்கும் இடம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம். எந்தப் பக்கம் அதக்கினார்களோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் புண். மேல்நாட்டில் தலை, கழுத்துப் புற்று என்ற தலைப்பில் வரும் ஆய்வுகளில் பெரும் பங்கு டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் ஹெச்.பி.வி வைரஸால் வரும் புற்று. பெயர் ஒன்றுதான், நோய் இரண்டு. கட்டியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற மரபணு வெளிப்பாட்டைப் பார்த்து சிகிச்சை பலிக்குமா என்று சொல்ல முயலும் எவரும் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இது.

பி16 என்ற ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். செல் தாறுமாறாகப் பெருகாமல் இழுத்துப் பிடிக்கும் பிரேக்குகளில் அதுவும் ஒன்று. வைரஸால் வந்த தொண்டைப்புற்றில் வைரஸின் இ7 புரதம் ஆர்.பி என்ற இன்னொரு பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. அதை ஈடுகட்டும் முயற்சியில் பி16 எக்கச்சக்கமாக ஏறுகிறது. புகையிலையால் வந்த கன்னப்புற்றில் பி16 மரபணுவே பல நேரம் அழிந்தோ அடங்கியோ போயிருக்கும். 2010-ல் வெளியான அமெரிக்கத் தொண்டைப்புற்று ஆய்வில், 3 ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் வைரஸ் உள்ளவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1 சதவீதம். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் புற்றின் நிலைகளை வகுக்கும் அமெரிக்க ஏ.ஜே.சி.சி கையேட்டின் எட்டாம் பதிப்பு பி16 உள்ள தொண்டைப்புற்றுக்குத் தனி நிலைப் பட்டியலே போட்டது. பி16 புரதத்துக்குச் சாயமேற்றிய அதே ஸ்லைடைக் கன்னப்புற்றுக்கும் போட்டுவிட்டு, 'பாசிட்டிவ், நன்றாகக் குணமாகும்' என்று எழுதுவது தவறு. தொண்டைக்கு வகுத்த அளவுகோல் அது. அங்கேயும் 70 சதவீத செல்களுக்கு மேல் கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அழுத்தமாகச் சாயம் ஏறினால்தான் பாசிட்டிவ். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பு தெரிவதற்கு மதிப்பில்லை.

நம் ஊர்ப் புற்றின் முகத்தைக் காட்டும் தகவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஈறு-கன்னப் புற்றுக்கான இந்திய மரபணு வரிசை ஆய்வு 2013-ல் வெளியானது. டிபி53, ஃபேட்1, காஸ்பேஸ்8, நாட்ச்1 ஆகிய மரபணுக்களோடு யு.எஸ்.பி.9எக்ஸ், எம்.எல்.எல்4, ஏரிட்2 போன்ற சிலவும் இதில் அடிக்கடி மாறியிருக்கின்றன என்று அது காட்டியது. ஆகவே வெளிநாட்டில் செய்த மரபணுப் பட்டியலை இங்கே இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனை பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று, சதைத்துண்டு உடம்பைவிட்டு வெளியே வந்த முதல் அரை மணி நேரம். மற்றொன்று, சிகிச்சை முடிந்த பிறகு வரும் இரண்டு வருடம். நடுவில் இருக்கும் விலையுயர்ந்த இயந்திரம் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்துவிடுகிறது.

மரபணு வேலை செய்யும்போது எடுக்கப்படும் நகல்தான் ஆர்.என்.ஏ, வெளிப்பாடு என்று அளப்பது அதைத்தான். அது உப்பைப் போலக் கரையும் சரக்கு. அதைத் தின்னும் ஆர்.என்.ஏஸ் என்சைம் எச்சிலில் உண்டு, விரல் வியர்வையில் உண்டு, வாய்ப்புண்ணின் சீழில் நிறையவே உண்டு. அதனால் வாய்க்கட்டித் துண்டை எடுத்தவுடன் குளிர்ந்த சலைனில் ஒரு முறை அலசி, ரத்தத்தையும் எச்சிலையும் போக்கிவிட வேண்டும். ஈரக் காஜில் சுற்றி ட்ரேயில் வைத்துவிட்டு அடுத்த கேஸ் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடைவெளியில் ரத்தம் நின்றுபோன செல்கள் தம் வெளிப்பாட்டையே மாற்றிக்கொள்ளும். ஆக்ஸிஜன் பஞ்சத்தில் ஏறும் மரபணுக்கள் ஏறும். பிறகு ரிப்போர்ட்டில் 'ஹைபாக்சியா (ஆக்ஸிஜன் பஞ்சம்) அதிகம்' என்று வருவது கட்டியைப் பற்றிய செய்தியா, ஆபரேஷன் தியேட்டர் மேஜையைப் பற்றிய செய்தியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கிருந்து வெட்டுவது என்பதும் முக்கியம். புண்ணின் நடுப்பகுதி செத்த சதை, அங்கே எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. சுட்டு வெட்டும் காட்டரிக் கருவி பட்ட ஓரத்தில் எல்லாம் வெந்திருக்கும். உயிருள்ள, வெளிறிய, கெட்டியான ஓரப்பகுதியில் எடுக்க வேண்டும். ஆனால் கட்டி மிக ஆழமாக இறங்கியிருக்கும் இடத்தில் ஆராய்ச்சிக்குக் கத்தி வைக்கவே கூடாது. ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் 10-ஐத் தாண்டினாலும் நோயின் நிலை மாறும், அதோடு சிகிச்சையும் மாறும். ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு வேண்டுமென்று நோயாளியின் நிலைக்கணக்கைக் கெடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதனால் நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து, ஓரங்களுக்கு மையிட்டு, திசைக்கான தையல்களைச் சரிபார்த்த பிறகு அவர் கையாலேயே வெட்டித் தருவதுதான் முறை.

வெட்டிய துண்டு மிளகு அளவு இருந்தால் போதும். அதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை ஃபார்மலினில் போட்டு ஸ்லைடு செய்ய வேண்டும். மறுபாதிதான் ஆர்.என்.ஏ-வுக்கு. ஸ்லைடில் கட்டிச் செல்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால் அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. மறுபாதியை உடனே திரவ நைட்ரஜனில் போடலாம். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர்கள் தூக்கி வரும் அந்தக் குடுவைதான். அது இல்லையென்றால் ஆர்.என்.ஏ லேட்டர் என்ற உப்புக் கரைசல் இருக்கிறது. இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. துண்டை அரை சென்டிமீட்டரைவிடத் தடியாக விட்டால் கரைசல் உள்ளே இறங்காது. சதையைப் போல் 5 முதல் 10 மடங்கு கரைசல் இருக்க வேண்டும், குழாயின் அடியில் துளி ஊற்றினால் போதாது. இரவு முழுக்க 4 டிகிரியில் ஊறிய பிறகுதான் உறைய வைக்க வேண்டும். இந்தக் கரைசலில் 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும் மாதிரி 37 டிகிரியில் ஒரு நாள்தான் தாங்கும். சித்திரை வெயிலில் தியேட்டரிலிருந்து லேபுக்கு டூவீலரில் ஐஸ் இல்லாமல் கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

சதையை மெழுகில் பதித்து வைத்த பழைய பாரஃபின் பிளாக்குகளை வைத்துத்தான் பல ஆய்வுகள் நடக்கின்றன. அலமாரியில் பத்து வருட பிளாக்குகள் இருக்கும், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்திருக்கும். ஆசை வருவது நியாயம்தான். நம் பக்கத்துக் கன்னப்புற்றில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கட்டி தாடை எலும்பைத் தொட்டிருப்பதால் எலும்போடு சேர்த்தே வெட்டி எடுக்கிறார்கள். எலும்பை அறுக்கும் பதத்துக்குக் கொண்டுவர ஆசிடில் ஊற வைப்பார்கள். அந்த ஆசிடில் ஆர்.என்.ஏ மிஞ்சாது. ஆகவே எலும்புள்ள பிளாக்கை ஒதுக்கிவிட்டு, ஆசிடுக்குப் போகாத மென்சதை பிளாக்கைத் தேடி எடுக்க வேண்டும். ரிக்கார்டில் 'டீகால்சிஃபைட்' என்று எழுதும் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை என்பதால், ஸ்லைடில் எலும்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. பஃபர் சேர்க்காத ஃபார்மலினும் நாளாக நாளாக அமிலமாகும். பிளாக்கிலிருந்து வரும் ஆர்.என்.ஏ துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதனால், நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர் முறையில், பெருக்கும் துண்டு 100 பேஸுக்கும் (மரபணு எழுத்துக்கும்) குறைவாக அமையும்படி பிரைமர் என்ற தொடக்கத் துண்டுகளை வடிவமைக்க வேண்டும். புதுச் சதைக்கு வடிவமைத்த பிரைமரைப் பழைய பிளாக்கில் போட்டுவிட்டு 'மரபணு வெளிப்படவில்லை' என்று எழுதிய ஆய்வுகள் உண்டு. மரபணு வெளிப்பட்டிருக்கும், துண்டான ஆர்.என்.ஏ-வில் அந்த பிரைமருக்குப் பிடி கிடைத்திருக்காது.

பி.சி.ஆர் கணக்கில் எங்கே ஏமாறுகிறோம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரச் சுற்றில் எழும்புகிறதோ அவ்வளவு அதிகம் என்று பொருள். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு 22.4-ஆவது சுற்றில் எழும்புகிறது, மாறாது என்று நம்பி அளவுபடியாக வைக்கும் ஒப்பீட்டு மரபணுவான ஆர்.பி.எல்.பி.0 18.1-ல். வித்தியாசம் 4.3. சாதாரணச் சதையில் 25.0-ம் 18.2-ம், வித்தியாசம் 6.8. இரண்டையும் கழித்தால் 2.5. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு என்பதால் 2-ன் அடுக்கு 2.5, அதாவது கட்டியில் சுமார் 5.7 மடங்கு. இதே மாதிரியில் ஒப்பீட்டுக்கு ஜி.ஏ.பி.டி.ஹெச் போட்டதாக வைத்துக்கொள்வோம். அது சர்க்கரையை எரிக்கும் பாதையிலுள்ள என்சைம், கட்டியில் தானே ஏறும். கட்டியில் 16.0, சாதாரணச் சதையில் 18.0 என்று வந்தால் வித்தியாசங்கள் 6.4-ம் 7.0-ம் ஆகும். விடை வெறும் 1.5 மடங்கு. சதை ஒன்று, குழாய் ஒன்று, இயந்திரம் ஒன்று. அளக்கும் படி மாறியதால் ஒரு நோயாளி 'அதிக வெளிப்பாடு' கட்டத்திலிருந்து 'சாதாரணம்' கட்டத்துக்கு மாறிவிடுகிறார். நம் மாதிரிகளிலேயே சோதித்துத் தேர்ந்த இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களாவது வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

'சாதாரணச் சதை' என்பதும் சந்தேகத்துக்குரியது. முப்பது வருடம் பாக்கு மென்றவரின் கன்னத்தில் சாதாரணம் என்று ஓர் இடம் இருக்காது. கட்டியைச் சுற்றி வெகுதூரம் சவ்வு மாறியிருக்கும் என்பது 1953-லேயே சொல்லப்பட்ட விஷயம். அதோடு, ஓரத்துத் துண்டை வெட்டும்போது அடியிலுள்ள கன்னத் தசை கூடவே வந்துவிடும். பிறகு 'கட்டியில் மிகவும் குறைந்த மரபணுக்கள்' என்ற பட்டியலின் உச்சியில் தசை மயோசின்களும் கிரியாட்டின் கைனேஸும் வந்து நிற்கும். புற்று அவற்றை அணைக்கவில்லை, கட்டியில் தசை இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்தால் மறுபேச்சில்லாமல் ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும். பாக்கால் வாய் திறக்க முடியாமல் இறுகிப்போன நோயாளிகளிடம் கொலாஜன் மரபணுக்கள் ஏறியிருப்பதும் இதே வகை. 2017-ல் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, 'மீசென்கைமல்' (நார்த்திசு போன்றது) என்று பெயர் சூட்டிய கட்டி வகையின் அடையாளத்தில் பெரும் பகுதி கட்டியைச் சூழ்ந்த நார்ச்செல்களிலிருந்து வந்தது என்று காட்டியது. நார் மண்டிய நம் ஊர்க் கன்னங்களில் அந்த எச்சரிக்கை இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

ஏறியிருக்கும் மரபணுதான் மருந்துக்கு இலக்கு என்று நினைப்பதிலும் வழுக்கல் உண்டு. தலை, கழுத்துப் புற்றில் பெரும்பாலானவற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர் கூடுதலாகவே இருக்கும். அதைத் தாக்கும் செடுக்சிமாப் யாருக்குப் பலிக்கும் என்பதை அதன் அளவு சொல்வதில்லை. டிபி53 மரபணு தரும் பி53 புரதத்திலும் குழப்பம் வரும். மாறிப்போன புரதம் சிதையாமல் தேங்குவதால் ஸ்லைடு பழுப்பாகும், ஆர்.என்.ஏ ஏறியிருக்காது. ஆர்.என்.ஏ, புரதம், பிறழ்வு மூன்றும் மூன்று கேள்விகள். இருபதாயிரம் மரபணுக்களை 60 நோயாளிகளில் பார்த்து தற்செயலுக்கு 5 சதவீத வரம்பு வைத்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆயிரம் மரபணு தேறும். அந்த ஆயிரத்தில் பத்தைப் பொறுக்கி அதே 60 பேரிடம் 'சரியாகக் கணிக்கிறது' என்று காட்டுவது தானே வினாத்தாள் போட்டுத் தானே தேர்வெழுதுவது. வேறொரு மருத்துவமனையின் வேறு நோயாளிகளிடம் தேறட்டும்.

இப்போது அடுத்த முனைக்கு வருவோம். மரபணு அளவு துல்லியமாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் அதை எதோடு பொருத்துவது? 'சிகிச்சை பலித்தது' என்பதைக் கேஸ் ஷீட்டில் 'இம்ப்ரூவ்டு' என்ற ஒற்றைச் சொல்லில் எழுதினால் ஆய்வு அங்கேயே முடிந்தது. கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் ரேடியேஷன், அறுவைக்குப் பிறகென்றால் பொதுவாக 60 முதல் 66 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு). தனியாகவோ கீமோவோடோ என்றால் 70 கிரே, 35 தவணை, ஏழு வாரம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் கட்டிச் செல்கள் அந்த இடைவெளியில் பெருகி ஈடுகட்டிக்கொள்ளும். நான்காம் வாரத்துக்கு மேல் தவறும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே வீணாகிறது என்று 1988-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்று நடவுக்கு, ஊர்ப் பொங்கலுக்கு, வாய் வெந்து சாப்பிட முடியாமல் என்று பத்து நாள் நின்றவருக்குக் கட்டி திரும்பினால், அதை 'ரேடியேஷனுக்கு மசியாத மரபணு' கணக்கில் எழுதுவது பிழை. தொடங்கிய தேதி, முடிந்த தேதி, விட்ட நாள்கள், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தின் மொத்த அளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராமைத் தொட்டதா, அறுவைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கியதா, புகையிலையை விட்டாரா, ஹீமோகுளோபின் எவ்வளவு, இவை எல்லாம் ஜீன் ஷீட்டின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத மரபணு ஆய்வை நம்பி ஒருவருக்கும் மருந்தை மாற்றக் கூடாது.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். நோயாளிகள் கையைவிட்டுப் போவதும் அதே காலத்தில்தான். நன்றாக இருப்பவர் பஸ் காசு செலவழித்து வருவதில்லை. முடியாதவரால் வரவே முடிவதில்லை. வராதவர் எல்லோரையும் 'கடைசியாகப் பார்த்தபோது நலம்' என்று எழுதினால், இறந்தவர்களையும் நலமாக எழுதிவிடுவோம். ஃபோன் எண் ஒன்றுதான் வாங்கியிருந்தால் ஆறு மாதத்தில் சிம் மாறியிருக்கும். மூன்று எண் வாங்க வேண்டும். நோயாளியுடையது, கூட வந்த மகனோ மருமகளோ வைத்திருப்பது, மூன்றாவதாக ஊரிலேயே இருக்கும் ஒருவர், பலசரக்குக் கடைக்காரரோ கிராம சுகாதார செவிலியரோ.

ஃபோனை எடுத்ததும் 'அவர் இருக்கிறாரா' என்று கேட்கக் கூடாது. 'அப்பாவுக்கு இப்போ கஞ்சி இறங்குதாம்மா?' என்று தொடங்கினால் பதில் தானே வரும். 'அப்பா தவறிப் போய்ப் புரட்டாசியோட ஒரு வருசம் ஆகுதுங்க' என்று சொன்னால், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கழுத்தில் கட்டி மறுபடி வந்ததா, புண்ணா, நெஞ்சுவலியா, காய்ச்சலா என்று மெதுவாகக் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுத வேண்டும். நெஞ்சுவலியில் போனவரைப் புற்றுக்கணக்கில் சேர்த்தாலும், கழுத்துக் கட்டி உடைந்து ரத்தம் போய் இறந்தவரை 'காரணம் தெரியவில்லை' என்று விட்டாலும், மைனஸ் 80 டிகிரியில் இரண்டு வருடம் காத்த அந்த மிளகளவு சதைக்குப் பொருளில்லாமல் போகும்.