லக்குக்கு அடியில் இருக்கும் நிறம்

பழைய டிரம் எது கைக்கு வந்தாலும், வேலை முடிந்ததும் ஷெல்லின், அதாவது அதன் மர உடம்பின், உட்புறத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதிவிடுவேன். என்ன மாற்றினேன், எந்த வருஷம், அவ்வளவுதான். யாரும் கேட்டு எழுதுவதில்லை, அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரியட்டும் என்றுதான். டிரம்மர் மாஸ்டரின் லுட்விக் கம்பெனி டிரம் செட்டில் மட்டும் எழுதவில்லை. அவர் வேண்டாம் என்றார், நான் சரி என்றேன். எவ்வளவு சுலபமாக அந்தச் சரியைச் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

1960களின் நடுவில் சிகாகோவில் செய்த செட் அது. 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம், தரையில் காலூன்றி நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்க டிவியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் லுட்விக் வாசித்ததை ஜனங்கள் பார்த்த பிறகு அந்தத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. அந்த ஓட்டத்தில் வெளியே வந்த ஆயிரக்கணக்கானவற்றில் இதுவும் ஒன்று. எழுபதுகளில் ஒரு கப்பல்காரரிடமிருந்து வாங்கி, மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்தே வீடு கட்டினார் மாஸ்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃப்ளோர் டாம் தண்ணீரிலேயே கிடந்து, மூன்று அடுக்குப் பலகையும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. மற்ற இரண்டும் பரணில் இருந்ததால் தப்பின. லக் (தோலை இறுக்கும் திருகு மாட்ட ஷெல்லின் மேல் பொருத்தும் உலோகத் துண்டு), ஹூப் (தோலைப் பிடிக்கும் வளையம்), கால் எல்லாம் சுத்தம் செய்து பயன்படுத்தலாம், ஷெல் மட்டும் புதிதாக வேண்டும் என்ற நிலையில்தான் என்னிடம் வந்தது.

வெளியே ஒட்ட ப்ளூ ஸ்பார்க்கிள் ஷீட், அதாவது மினுமினுப்புப் பொடி கலந்த நீல பிளாஸ்டிக் தாள், வரவழைக்கலாம் என்றேன். "என் செட்டு பச்சைப்பா, உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, பார்த்தால் பச்சைதான். சின்ன டாமில் ஒரு லக்கைக் கழற்றிக் காட்டினேன். அடியில், லக்கின் வடிவத்திலேயே, நல்ல நீலம். கடையிலிருந்து இன்றைக்கு வந்த மாதிரி மின்னியது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஷீட் நைட்ரோசெல்லுலோஸ், பழைய சினிமா ஃபிலிம் சுருளெல்லாம் செய்த அதே சரக்கு. சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் பழைய ஷீட்டை உரிக்க ஹீட் கன் பக்கமே போகமாட்டேன். வெளிச்சம் பட்டுப் பட்டு மேலே இருக்கும் தெளிவான பூச்சு மஞ்சளாகிவிடும். உள்ளே பொடி இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது, மஞ்சள் வழியாகப் பார்ப்பதால் கண்ணுக்குப் பச்சை.

எந்த நிறத்துக்குச் சேர்ப்பது என்று அப்போதே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பச்சைக்கு. அவருக்குத் தெரிந்த செட் அதுதான்.

இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். பச்சை ஷீட் வாங்கி ஒட்டினால் சேராது. பச்சைப் பொடியின் மினுமினுப்பு வேறு, பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். நீல ஷீட்டையே ஒட்டி, தெளிந்த லாக்கரில் துளி அம்பர் (மஞ்சள் பழுப்பு) சாயம் கலந்து, மெல்லிய கோட்டாக மேலே அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் லாக்கரில் இருக்கும் தின்னர் ஷீட்டையே கரைத்துவிடும். வெட்டிய துண்டுகளில் அடித்து, காயவிட்டு, பழைய டாமின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ட்யூப் லைட்டில் அச்சாகச் சேர்ந்தது வாசல் வெயிலில் பழுப்படித்தது. வெயிலில் சரியானது குண்டு பல்பில் தனியாகத் தெரிந்தது. பழைய டாமிலும் ஒரே நிறம் இல்லை. கூட்டத்தைப் பார்த்த பக்கம் நன்றாகப் பச்சை, வாசிக்கிறவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நீலம். அதனால் புது ஷெல்லையும் சுற்றி ஒரே அளவாக அடிக்காமல் ஒரு பக்கம் கூட்டி, ஒரு பக்கம் குறைத்து அடித்து, 2000 வாட்டர் பேப்பர் போட்டு காம்பவுண்டில் தேய்த்தேன். நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அப்புறம் பேட்ஜ். பழைய ஷெல்லில் இருந்த, சீரியல் நம்பர் போட்ட அந்தக் கீஸ்டோன் பேட்ஜை, அதாவது லுட்விக் கம்பெனியின் பெயர்த்தகட்டை, புது ஷெல்லில் போடச் சொன்னார். போட்டேன். உள்ளே அந்தக் காலத்து மாதிரியே வெள்ளைப் பெயிண்டும் கேட்டார், அதையும் அடித்தேன். அது காய்ந்ததும் பென்சிலை எடுத்தபோதுதான் சொன்னார்: "உள்ள ஒண்ணும் எழுதாதப்பா."

"எப்பவும் எழுதுறதுதான் மாஸ்டர். அடுத்தவங்களுக்குத் தெரியணும்ல."

"அடுத்தவன் யாரு? நான்தான் வாசிக்கப்போறேன். மூணுல ஒண்ணு வேறன்னு எனக்கு ஞாபகமே வரக்கூடாது."

இதற்கு என்ன சொல்ல முடியும்? நாற்பது வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்த செட். அவர் பணம், அவர் டிரம். சரி மாஸ்டர் என்றேன். ஆனால் லுட்விக்காரர்களே அந்தக் காலத்தில் பல ஷெல்களுக்குள் தேதி முத்திரை குத்தித்தான் அனுப்பினார்கள். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் இன்றைக்கு ஆட்கள் வயதைச் சொல்கிறார்கள். அந்த இடத்தை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டு, வெளியே அசல் பேட்ஜையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதைவிடவும் என்னைக் குழப்புவது அந்த லக் விஷயம். பழைய இரண்டிலும் லக்கைக் கழற்றினால் அடியில் நீலம் இருக்கும். புதுசில் நான் அம்பரை ஷெல் முழுக்க அடித்தேன், லக் உட்காரும் இடத்திலும் சேர்த்து. டேப் ஒட்டி அந்த இடங்களை மறைத்து அடித்திருக்கலாம், பெரிய வேலை இல்லை. மறைக்கவில்லை. எவனாவது கழற்றினால் அங்கேயும் பச்சையைப் பார்த்து, இது அப்புறம் செய்தது என்று கண்டுபிடிப்பான். எழுதாத வரிக்குப் பதில் அது இருக்கட்டும் என்றுதான் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாயம் அடித்தது முதலில், மாஸ்டர் எழுதாதே என்றது பிறகு. அப்படியானால் அடிக்கும்போது என் மனசில் என்ன இருந்தது? வரிசையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் சொன்ன பிறகாவது, லக்குக்கு அடியில் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் சரிசெய்யச் சொல்வார் என்று வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு நான் உண்மையாக இருந்தேனா, அடுத்து வாங்கப்போகிறவனுக்கு உண்மையாக இருந்தேனா, ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறது, மறுநாள் இன்னொரு பக்கம்.

போன வாரம் மாஸ்டரின் மகன் போன் செய்தார். செட்டுக்கு என்ன விலை போகும் என்று கேட்டார். ஃப்ளோர் டாம் ஷெல் புதுசு, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றேன். "அப்பா எல்லாமே ஒரிஜினல்னுதானேண்ணே சொல்றார்" என்றார். மாஸ்டர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஞாபகமே வரக்கூடாது என்று கேட்டவருக்கு அது அப்படியே பலித்துவிட்டதோ என்னவோ. அப்படியென்றால் அது என் கைவேலையின் வெற்றிதான், சந்தோஷப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். லக் விஷயத்தைச் சொல்லிவிட்டு, உள்ளே ஒரு வரி எழுதிக்கொள்ளட்டுமா என்று மறுபடியும் கேட்கப்போகிறேன். அவர் அப்போதும் வேண்டாம் என்றால் அதற்கும் சரி என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன், எழுதாமல் திரும்பி வர மனசு வருமா என்று தெரியாவிட்டாலும்.