பழைய எண் 14, புதிய எண் 31

பெரியப்பாவிடம் ஒரு முகவரி நோட்டு இருக்கிறது. சிவப்பு ரெக்சின் அட்டை, ஓரமெல்லாம் பிய்ந்துபோய் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். 1974-ஆம் வருஷத்து டைரி அது. தேதியைக் கண்டுகொள்ளாமல் ஜனவரி 1-லிருந்து ஆள் ஆளாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அதில் எதையும் அடித்துத் திருத்தியதே கிடையாது. ஒருவர் வீடு மாறினால் ஓரத்தில் பென்சிலால் புது முகவரி ஏறும். பழையது அப்படியே இருக்கும். "அவன் அங்கயும் இருந்தான்ல, அதை எப்படி இல்லைன்னு அடிக்கறது?" என்பார்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ப் பத்திரிகை வைக்கும் பொறுப்பு பெரியப்பாவிடம் வந்தது. தட்டைத் தூக்கும் பொறுப்பு என்னிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வாட்ஸ்அப்ல கூப்பிட்டா அவன் வாட்ஸ்அப்லதான் வருவான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரை நாளைக்கு ஒரு ஆட்டோ பேசினோம். ஓட்டும் தம்பிக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சென்னைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஹேண்டில்பாரில் போன், போனில் மேப். பின்சீட்டில் பெரியப்பா, அவர் மடியில் 1974. நடுவில் நான், வெற்றிலைத் தட்டும் குங்குமச் சிமிழுமாக.

"எங்கங்கய்யா போகணும்?"

"ஜி.என். செட்டி ரோடு, மெட்ராஸ் 17."

"பதினேழுன்னா பஸ் நம்பருங்களா?"

பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேள்வி கேட்டுவிட்டால் போதும் அவருக்கு. பின்கோடு 1972-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் மெட்ராஸ்-17 என்றால் தி.நகர், மெட்ராஸ்-33 என்றால் மேற்கு மாம்பலம், அந்த எண்ணைத்தான் 600017, 600033 என்று வாலில் ஒட்டவைத்தார்கள் என்று விளக்கினார். தம்பி "சரிங்கய்யா" என்று கேட்டுக்கொண்டே மேப்பில் 17-ஐத் தேடிக்கொண்டிருந்தான்.

தி.நகரின் தெருக்களைத் தெரிந்துகொண்டால் ஒரு கட்சியின் உறுப்பினர் பட்டியலையே தெரிந்துகொண்ட மாதிரி. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த 1920-களில், மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துப் போட்ட நகர் அது. நகருக்கு வைத்த பெயரே கட்சித் தலைவர் பிட்டி தியாகராயருடையது. பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். தெருக்களுக்கு உஸ்மான், நடேசன், டாக்டர் நாயர். தூர்க்கப்பட்ட ஏரிக்கு மட்டும் தி.நகரில் ஒரு சந்துகூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதில் 1970-களின் கடைசியில் ஒரு திருப்பம். தெருப் பெயர்களில் சாதி ஒட்டு இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான், பெரியப்பாவே கைதட்டியவர். ஆனால் தார் பூசக் கிளம்பியவர்கள் வாலை மட்டும் பார்த்துப் பூசினார்கள். ஜி.என். செட்டி ரோடு, ஜி.என். ரோடு ஆனது. டாக்டர் நாயர் ரோடில் நாயர் போய், வெறும் டாக்டர் ரோடு மிஞ்சியது. ஊரிலிருந்து வந்த எங்கள் அத்தை ஒருத்தி, தெரு முழுக்க டாக்டர்கள்தான் இருப்பார்கள் என்று நம்பி முதுகுவலிக்கு அங்கே இறங்கியதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த டி.எம். நாயர் நிஜமாகவே காது, மூக்கு, தொண்டை மருத்துவர். முதுகுக்குத்தான் வழியில்லை.

முதல் மூன்று வீடுகளும் சிக்கல் இல்லாமல் முடிந்தன. அப்புறம் பாண்டி பஜார்.

"ராஜகுமாரி தியேட்டர் வந்ததும் சொல்லு தம்பி, அங்கேர்ந்து வழி நான் சொல்றேன்."

தம்பி மேப்பை விரித்தான், சுருக்கினான். "அப்படி ஒரு தியேட்டரே இல்லீங்கய்யா."

"இல்லைன்னா என்ன? இருந்த இடம் இருக்குல்ல?"

இதற்கு மேப்பிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பாதி ஊர் இப்படித்தான் வழி சொல்கிறது. ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனையோ காலம். 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் என்று கல்வெட்டு சொல்கிறது. கண்டக்டர் இன்றைக்கும் "ஜெமினி எறங்கு" என்கிறார், நாமும் இறங்குகிறோம். கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி என்று கேட்டு இறங்குபவர்களில் எத்தனை பேர் அங்கே படம் பார்த்திருப்பார்கள்? பாண்டி பஜாரே அப்படித்தான். சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி அது. பாண்டிச்சேரிக்காரர்கள் யாரோ கடை போட்டிருந்தார்கள் போல என்றுதான் கல்லூரி முடிக்கும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019-ல் அகலமாக்கிய நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துப் பெரியப்பா, "இங்கதான் பால்கனி டிக்கெட்டுக்கு க்யூ நிக்கும்" என்றார். அவர்கள் பாவம், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

துரைசாமி சப்வேக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஏறினால் மேற்கு மாம்பலம். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நகை, புடவை. அந்தப் பக்கம் பஜனை, கொசு, ஊறுகாய். இப்போது மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம்வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட்டுவிட்டார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மிதிபடாமல் தலைக்கு மேலேயே போய்விடலாம். பெரியப்பா ஒருமுறை போய்விட்டு வந்து, "யாரையும் இடிக்காம நடந்தா மாம்பலம் மாதிரியே இல்லடா" என்றார்.

ஆரிய கௌடா ரோடைக் கடக்கும்போது, அது ஆரியமும் இல்லை ஒன்றும் இல்லை, நீலகிரிப் படகர்களின் தலைவர் ஆரி கௌடர் பெயரில் வைத்த சாலை, வாய்க்கு வாய் மாறி ஆரிய கௌடா ஆகிவிட்டது என்று தம்பிக்கு அடுத்த பாடம் நடந்தது. இப்போது தம்பியே ஆர்வமாகிவிட்டான். லேக் வியூ ரோடு பலகையைப் பார்த்ததும் அவனாகவே கேட்டான்: "லேக் எங்கங்கய்யா?"

"இங்கேர்ந்து பாத்தா தகதகன்னு தெரியும். சாயங்காலம் காத்து வரும் பாரு..."

பெரியப்பா பிறந்தது 1946. ஏரியைத் தூர்க்க ஆரம்பித்தது அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னால். அதைச் சொன்னால் கோபம் வரும். "எங்க அப்பா பாத்திருக்கார், அவர் பாத்தா நான் பாத்த மாதிரி" என்பார். ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் அலையடிக்கும் தண்ணீரைக் காட்டி, "லேக் வியூன்னு சும்மாவா பேரு வெச்சான்?" என்று கேட்டார். அப்போது கரண்ட் இல்லாமல் மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நிலையிலும் சிரித்தோம்.

இனிமேல்தான் விஷயமே.

பட்டியலில் கடைசி ஆள், பெரியப்பாவின் ஆபீஸ் நண்பர். இருவரும் ஒரே செக்‌ஷனில் பதினெட்டு வருஷம். பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றாம். வீடு லேக் வியூ ரோடிலிருந்து பிரியும் ஒரு தெருவில். நோட்டில் "எண் 14, வேப்ப மரம், பச்சை கேட், மெ-33" என்று இருந்தது. வேப்ப மரம் இல்லை. கேட் பச்சைதான். தூணில் பெரிதாக 14. வேறென்ன வேண்டும்?

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, வழுக்கையாக, பெரியப்பா வயதில் இருந்தார்.

"என்னடா இப்படி எளைச்சுட்டே!" பெரியப்பா அவர் இரண்டு தோளையும் பிடித்துவிட்டார்.

"ஆமா... சுகர்" என்றார் அவர்.

"மீசை எங்கடா?"

"எடுத்துட்டேன். ரொம்ப நாளாச்சு."

உள்ளே ஊஞ்சலில் உட்காரவைத்தார்கள். பெரியப்பா கேள்விகளைத் தொடர்ந்தார். பையன் இன்னும் அமெரிக்காவில்தானா? ஆமாம், டல்லாஸ். முட்டி ஆபரேஷன் ஆயிற்றா? ஒன்று ஆயிற்று, இன்னொன்று தை மாதம். பழைய ஆபீஸ் பக்கம் போவதுண்டா? "அங்க இப்ப நமக்குத் தெரிஞ்சவா யாரு இருக்கா?" எல்லாக் கேள்விக்கும் கச்சிதமாகப் பதில் வந்தது. மேற்கு மாம்பலத்தில் எழுபத்தைந்தைத் தாண்டிய எவரிடமும் இந்தக் கேள்விகளுக்கு இதே பதில்தான் வரும் என்பது எனக்கு ராத்திரிதான் உறைத்தது.

அந்த அம்மா காபியோடு வந்தார். "சர்க்கரை எப்படிப் போடட்டும்?"

"உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் தெரியும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அரைச் சர்க்கரை போட்டுவந்தார். அதுவும் சரியாக இருந்தது. போகும்போது கணவரை ஒரு பார்வை பார்த்தார், 'உங்க மனுஷாளா?' என்று. அவர் பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தார், 'உன் பக்கம்னு நெனச்சேன்' என்று. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் முறுக்கைத்தான் எடுத்தேன். பெரியப்பா இத்தனை 'டா' போட்டும் அவர் ஒரு தடவைகூடத் திருப்பி 'டா' போடவில்லை என்பதையும் கவனித்தேன். வயதானால் மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டை நீட்டினோம், நமஸ்காரம், தாம்பூலம், எல்லாம் முறைப்படி. செருப்பு மாட்டும்போது தூணில் 14-க்குக் கீழே, பெயிண்ட் பூசி மங்கிப்போன ஒரு தகரத் துண்டில் 7 என்று தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. சென்னையில் வீடுகள் பிரிந்து, மாடி முளைத்து, 14ஏ, 14பி, 14பி பை 2 என்றெல்லாம் போன பிறகு கதவு எண்களைப் புதிதாகப் போட்டார்கள். பழையதை விடவும் யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கேஸ் பில்வரை 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டும் போடுவது வழக்கம். பெரியப்பாவின் நோட்டில் இருக்கும் 14, பழைய 14. அது இப்போது 31. நாங்கள் காபி குடித்தது பழைய 7-ல்.

ராத்திரி எட்டரைக்குப் பத்திரிகையில் இருந்த நம்பருக்கு போன் வந்தது. மிகவும் சங்கோஜமான குரல்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. கண்ணாடி போட்டுண்டு இப்பதான் கவரைப் பாத்தேன். அதுல எழுதியிருக்கற பேரு என் பேரு இல்லை."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அய்யோ, இதுல என்ன இருக்கு? எங்களுக்கு இது பழக்கம்தான். பழைய பதினாலுக்கு வர்ற லெட்டர், கொரியர், எல்.ஐ.சி. நோட்டீஸ் எல்லாம் இங்கதான் வரும். ஒருதரம் புரோகிதரே வந்துட்டார்."

நிஜமான நண்பரின் வீடு இடிந்து எட்டு ஃபிளாட் ஆகி, அவர் மகளோடு பெருங்களத்தூர் போய் ஒன்பது வருஷம் ஆகிறதாம். இவரே நடந்துபோய் 31-ன் வாட்ச்மேனிடம் கேட்டு, அவர் செக்ரட்டரியிடம் கேட்டு, போன் நம்பர் வாங்கி வைத்திருந்தார். பேசியும்விட்டாராம்.

"எல்லாம் சரி, அப்ப 'ஆமா ஆமா'ன்னு எதுக்கு சார் சொன்னீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"அவ்வளவு சந்தோஷமா தோளைப் புடிச்சார். எப்படி இல்லைன்னு சொல்றது?"

அவர்களையும் கட்டாயம் வரச் சொன்னேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அதான் பாத்தேன், அவனாவது எளைக்கறதாவது" என்றார்.

கல்யாணத்தன்று காலை, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெருங்களத்தூர்க்காரர் ரயிலில் மாம்பலம்வரை வந்து, அங்கிருந்து இவர் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்ததில் நல்ல சிநேகமாகிவிட்டார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்த பெரியப்பா நேரே புதிய 14-காரரிடம் போய், "வாடா, வா வா" என்று கட்டிக்கொண்டார். பிறகு பக்கத்தில் தொந்தியும் மீசையுமாக நின்றவரைப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"இவர் யாருடா?"

போன வாரம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எதுவும் அடிபடவில்லை. எண் 14, வேப்ப மரம், பச்சை கேட், மெ-33, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி ஏறியிருக்கிறது: "இப்போது பெருங்களத்தூர். புதிய 14-ல் விசாரிக்கவும், காபி நன்றாக இருக்கும்."